வண்டிப்பார்

ஆனி மாதக் கடல் கரையேறி வந்து இழுத்துக்கொண்டு போன எஸ்தாக்கியின் புல்லட் மோட்டார் சைக்கிள், கார்த்திகை பிறந்து காற்று ஓய்ந்து தண்ணீர் தெளிந்த ஒரு காலையில், கரையிலிருந்து கூப்பிடு தூரத்துக்குச் சற்று அப்பால், ஆறு பாகம், அதாவது ஆறு ஆள் ஆழத் தண்ணீருக்கு அடியில், யாரும் உதைக்காமலே ஸ்டார்ட் ஆகி ஓடத் தொடங்கியது. முதலில் கேட்டவன் எஸ்தாக்கியின் மகளைக் கட்டிய இன்னாசி. வள்ளத்தில் குனிந்து வலையை இறக்கிக்கொண்டிருந்தவனுக்கு உள்ளங்காலில் என்னவோ தட்டியது. துடுப்பைத் தண்ணீரில் ஊன்றி அதன் மேல்நுனியில் காதை வைத்துக் கேட்டான், கேட்டுவிட்டுப் பக்கத்து வள்ளக்காரனைப் பார்த்து, "மாமா வண்டி இங்கதாம்வே கெடக்கு" என்றான். அவனும் தன் துடுப்பில் காதை வைத்துப் பார்த்து, "ஆமா, அதே சத்தந்தான்" என்று சொல்லிவிட்டு வலையை இழுத்தான். வலை கனத்தது. சீலாவும் பாரையும் ஒன்றன்மேல் ஒன்றாக வந்து விழுந்து வள்ளம் விளிம்புவரை தாழ்ந்தது. அப்படி ஒரு மீனைச் சலேத்துறைக்காரர்கள் பார்த்து எத்தனையோ வருஷம் ஆகியிருந்தது.

சலேத்துறைக்காரர்கள் இதற்கெல்லாம் வாயைப் பிளக்கிற ஆட்கள் இல்லை. முன்னால் கடல், பின்னால் தேரிக்காட்டுச் செம்மணல், இரண்டும் மாறி மாறி ஊரைத் தின்றுகொண்டிருக்கிற இடத்தில் பிறந்தவனுக்கு ஆச்சரியப்பட நேரம் ஏது? அதோடு அந்தச் சத்தமும் அவர்களுக்கு அந்நியமில்லை. தார்ரோடு தேரிக்கு அந்தப் பக்கமே வந்து நின்றுவிடும், இந்தப் பக்கம் வெறும் மணல், அந்த மணலில் தடம் பிடித்து ஓடிய ஒரே வண்டி அதுதான். அதில்தான் பேறுகாலப் பெண்கள் பல்லைக் கடித்துக்கொண்டு ஆஸ்பத்திரிக்குப் போனார்கள், அதில்தான் திருக்கைமுள் குத்தியவர்கள் முனகிக்கொண்டு போனார்கள், அதில்தான் கட்டிக்கொடுத்த பெண்கள் பெட்டியோடு போய்ப் பிள்ளையோடு திரும்பி வந்தார்கள், அதில்தான் புதிதாக வந்த பங்குச்சாமிகள் அங்கியைத் தூக்கிச் செருகிக்கொண்டு ஊருக்குள் நுழைந்தார்கள். ஊர்த்தலைவர் தஸ்நேவிஸின் மூத்த மகள் ஆஸ்பத்திரி போய்ச் சேரும்வரை பொறுக்காமல் நடுத்தேரியில் அந்த வண்டியின் நிழலிலேயே பிறந்தவள்.

எஸ்தாக்கி இளவட்டத்தில் சங்கு குளித்தவர். மூச்சை அடக்கி அடக்கிச் சேர்த்ததைக் கொண்டு பட்டாளத்து ஏலத்தில் அந்த வண்டியை எடுத்து வந்தார், அடுத்த வருஷந்தான் கித்தேரியைக் கட்டினார். வண்டி முதலில் வந்ததால் கித்தேரி அதற்கு மூத்தவள் என்றே பேர் வைத்துவிட்டாள். உப்புக்காற்று இரும்பைத் தின்கிற ஊர் அது, பூட்டையும் தின்னும், சாவியையும் தின்னும், கோயில் மணியின் நாக்கைக்கூட இருமுறை தின்றிருக்கிறது. ஆனால் மூத்தவள் மேல் ஒரு புள்ளி துரு ஏறியதில்லை. நல்ல தண்ணீர் குடம் கணக்கில் கிடைக்கிற இடத்தில் எஸ்தாக்கி தன் குளியலுக்கு வைத்ததில் பாதியை வண்டிக்கு ஊற்றினார், துடைத்தார், ஸ்போக்ஸ் கம்பி ஒவ்வொன்றாகத் தேங்காய் எண்ணெய் தடவினார். "எனக்கு என்னைக்காவது ஒரு சொட்டு எண்ணெ தேச்சி விட்டிருக்கியளா? மூத்தவளக் கவனிச்சி முடிச்சாச்சின்னா சோறு திங்க வாங்க" என்று கித்தேரி அடுப்படியிலிருந்து கத்துவாள். கத்திவிட்டு அவளும் ஒரு துணியை எடுத்துக்கொண்டு வந்து டேங்கைத் துடைப்பாள்.

கித்தேரியைக் கடைசியாக ஆஸ்பத்திரிக்குக் கொண்டுபோனதும் அதில்தான். திரும்பும்போது தார்ரோடு முடியும்வரை அவள் வேனில் வந்தாள், தேரியில் நாலு பேர் தோளில் வந்தாள், எஸ்தாக்கி பின்னால் மூத்தவளை ஓட்டிக்கொண்டு வந்தார். அதற்குப் பிறகு மனிதர்களோடு பேசுவதை அவர் ரொம்பக் குறைத்துக்கொண்டார். அதனால் ஆனியில் கடல் வந்து ஓலைக்கொட்டகையோடு வண்டியை அள்ளிக்கொண்டு போனபோது ஊர் அவர் வீட்டுக்குத் துக்கம் கேட்க வந்தது, சாவு வீட்டுக்குக் கொண்டுவருவதுபோலக் கஞ்சி காய்ச்சிக் கொண்டுவந்தது, பெண்கள் அவர் மகள் பிரகாசியைக் கட்டிப்பிடித்துக்கொண்டு உண்மையாகவே அழுதார்கள்.

இப்போது கடலுக்கடியில் வண்டி ஓடுகிறது என்றதும் ஊர் என்ன செய்தது? செய்ய வேண்டியதைச் செய்தது. மீன் கூடுகிற கடலடிப் பாறைகளைப் பார் என்பதுபோல, அந்த இடத்துக்கு வண்டிப்பார் என்று பேர் வைத்தது. கோயில் கோபுரமும் ஒற்றைப் பனையும் நேர்க்கோட்டில் வருகிற இடம் என்று பிள்ளைகளுக்குச் சொல்லிக்கொடுத்தது. அங்கே யாரும் நங்கூரம் போடக்கூடாது, கழிவை எறியக்கூடாது, வாயில் கெட்ட வார்த்தை வரக்கூடாது என்று சட்டம் போட்டது. பங்குச்சாமி வள்ளத்தில் போய் மந்திரித்த தண்ணீரைத் தெளித்துவிட்டு, உப்புத்தண்ணீரில் நல்ல தண்ணீரைத் தெளித்தோமே, செல்லுமா செல்லாதா என்று யோசித்துக்கொண்டே திரும்பி வந்தார். எந்த ஊரிலும் பிடித்த மீனில் வள்ளத்துக்கு ஒரு பங்கு, வலைக்கு ஒரு பங்கு, கோயிலுக்கு ஒரு பங்கு உண்டு. சலேத்துறையில் அன்றிலிருந்து வண்டிக்கும் ஒரு பங்கு என்று எஸ்தாக்கி வீட்டு வாசலில் மீன் வந்து இறங்கியது. கடலில் ஒன்றும் இல்லையென்று உப்பளத்துக்குக் கூலிக்குப் போனவர்கள் திரும்பி வந்தார்கள், அரபுநாட்டுக்குப் போனவர்களும் திரும்பி வந்தார்கள், மக்கிக்கிடந்த வள்ளங்களுக்குத் தார் பூசினார்கள். வடக்குத்துறைக்காரர்களுக்கு வயிறு எரிந்தது. அவர்கள் ஒரு டேப்ரிக்கார்டரில் புல்லட் சத்தத்தைப் பதிந்து, தகர டப்பாவில் அடைத்து, மெழுகு பூசித் தங்கள் கடலில் இறக்கிப் பார்த்தார்கள். உடம்பை அரிக்கிற சொறிமீனைத் தவிர ஒன்றும் வரவில்லை.

முதல் நாள் எஸ்தாக்கி அலைவாயில் முழங்கால் தண்ணீரில் நின்று கேட்டார். டுப், டுப், டுப் என்று அது காலெலும்பு வழியாக ஏறி நெஞ்சுக்கு வந்தபோது, "இருக்காளா, இருக்காளா" என்று சிறுபிள்ளை மாதிரி கைகொட்டினார். மறுநாளும் நின்றார், அதற்கு மறுநாளும் நின்றார். போகப் போக அவர் முகம் வாடியது. வாசலில் இறங்கும் பங்கு மீனைப் பூனைக்கும் பக்கத்து வீட்டுக்கும் கொடுத்துவிட்டுப் பழைய சோறும் வெங்காயமும் தின்றார்.

"ஏம்ப்பா ஒரு துண்டுகூடத் திங்க மாட்டங்கிய?" என்று பிரகாசி கேட்டாள்.

"எப்பிடிம்மா திங்கது? அவ நிக்காம ஒழைச்சதுல வந்த மீனுல்லா. ராவும் பகலும் ஓடுதா. எஞ்சினுக்குள்ள எண்ணெ வத்தி டப்பெட்டு வறட்டு அடி அடிக்கி, நீ கேக்கலியா? ஒரு வண்டிய ஸ்டாண்டுல நிப்பாட்டி வச்சி இப்பிடி யாராவது ஓட விடுவானா? மாட்டச் செக்குல கட்டுனாக்கூட சாயந்தரம் அவுத்து விடுவானே."

பிரகாசிக்குக் கேட்கவில்லை. அவளுக்குக் கேட்டதெல்லாம் தன் மூன்று பிள்ளைகளும் வயிறு நிறைந்து தூங்குகிற மூச்சு. ஆனாலும் அப்பா பொய் சொல்லுகிறவர் இல்லை என்பது அவளுக்குத் தெரியும், அதனால் அன்றையிலிருந்து அவளுக்கும் சோறு இறங்கவில்லை.

எஸ்தாக்கி ஊர்க்கூட்டம் கேட்டார். கோயில் கொடிமரத்தடியில் எல்லாரும் கூடினார்கள். கடலில் இறங்கி வண்டியை நிறுத்தப் போகிறேன் என்று அவர் சொன்னதும் கூட்டம் கொதித்துப்போனது. கித்தேரியின் கூடப்பிறந்த தம்பிதான் ஊர்த்தலைவர் தஸ்நேவிஸ். அவர் எழுந்து கையமர்த்தினார்.

"என்ன மச்சான் பேசுதிய? வண்டி ஓடுது, ஊரு ஓடுது. இதுல ஒங்களுக்கு என்ன கொற?"

"ஓடலய்யா அது. நிக்கி. நின்ன எடத்துல நின்னுக்கிட்டு ஓடுது. நீங்கல்லாம் மீனக் கேக்கிய. நான் அவளக் கேக்கேன்."

"எண்ணெ மாத்தணும்னா சொல்லுங்க, ஊரே சேந்து எண்ணெ வாங்கித் தாறோம்" என்றாள் ஒருத்தி.

"நிறுத்துனா நாளைக்கு எம் புள்ள திரும்பவும் உப்பளத்துக்குத்தான் போவணும். கால் புண்ணு ஆறி இப்பத்தான் தோலு மூடியிருக்கு" என்றாள் இன்னொருத்தி. அவள் சொன்னதும் நியாயம்தான் என்று எஸ்தாக்கி தலையசைத்தார்.

பிறகு சொன்னார்: "ஞாயித்துக்கெழம நம்ம ஊருல யாராவது கடல்ல கால வைப்போமா? வலைய மடிச்சி வச்சிருதோம். வள்ளத்தக் கரையில கவுத்திப் போட்டுருதோம். கடவுளே ஒரு நா ஓய்ஞ்சிருந்தாருன்னு சாமி சொல்லுதாரு. அவ மட்டும் என்ன பாவம் பண்ணுனா? இந்த ஊருல ஓய்வு நாளு இல்லாத உசுரு அவ ஒருத்திதான."

கூட்டம் அடங்கிவிட்டது. பங்குச்சாமி, பத்துக் கட்டளையில் ஒன்றாயிற்றே என்று தலையை ஆட்டினார். தஸ்நேவிஸ் மீசையைத் தடவிக்கொண்டு, "சரி. சனிக்கெழம சாயந்தரம் நிறுத்தணும். திங்கக்கெழம விடியக்காலம் எடுத்து விடணும். எடுக்காம ஏமாத்திராதிய மச்சான். இது அக்கா மேல சத்தியம்" என்றார்.

"கித்தேரி மேல சத்தியம்" என்றார் எஸ்தாக்கி.

சங்கு குளித்த நெஞ்சு, வயதானாலும் மூச்சை மறக்கவில்லை. சனிக்கிழமை சாயங்காலம் இன்னாசியின் வள்ளத்தில் போய், இடுப்பில் கல்லைக் கட்டிக்கொண்டு, சிலுவை போட்டுவிட்டு இறங்கினார். கீழே கடற்புல் நடுவில் மூத்தவள் மெயின் ஸ்டாண்டில் நிமிர்ந்து நின்றாள். டேங்கில் பாசி இல்லை, ரிம்மில் துரு இல்லை, ஹெட்லைட் கண்ணாடிக்குள் ஒரு சின்ன மீன் குடியிருந்தது. சைலன்சரிலிருந்து குமிழ் குமிழாக ஏறிய காற்றைச் சுற்றிப் பாரைக்கூட்டம் வட்டம் போட்டது. எஸ்தாக்கி கையை டேங்கின்மேல் வைத்தார். கடலின் குளிரிலும் அது காய்ச்சல்காரப் பிள்ளையின் நெற்றி மாதிரி சுட்டது. கைப்பிடிக்குக் கீழே இருக்கிற சின்ன லீவரை அழுத்தினார். ஒரு பெருமூச்சு விட்டு வண்டி அடங்கியது.

அந்த ஞாயிற்றுக்கிழமை சலேத்துறையில் பூசையின்போது குழந்தைகள் அழுதன, நாய்கள் அலைவாயில் போய் நின்று கடலைப் பார்த்துக் குரைத்தன, பெரியவர்கள் காதைக் குடைந்துகொண்டே இருந்தார்கள். திங்கட்கிழமை விடியலில் எஸ்தாக்கி இறங்கி, ஆம்பியர் முள் நடுவுக்கு வரும்வரை கிக்கரை மெல்ல மிதித்து, பிறகு ஒரே உதை விட்டார். சத்தம் வந்தது, மீன் வந்தது, ஊர் மூச்சு விட்டது. அடுத்த வாரமும் அப்படியே, அதற்கடுத்த வாரமும் அப்படியே. வயதான மனுஷனை எதற்கு வருத்துவது என்று இளவட்டங்கள் இரண்டு பேர் இறங்கி உதைத்துப் பார்த்தார்கள். மூத்தவள் திருப்பி உதைத்ததில் ஒருவனுக்கு முழங்கால் வீங்கியது, மற்றவன் செருப்புப் போட முடியாமல் திருநாள் முழுக்க நொண்டினான். அதற்குப் பிறகு யாரும் அந்த வேலைக்குப் போகவில்லை. வேறு ஊர்களில் ஞாயிறு மணியடித்து வரும், சலேத்துறையில் மணி அடிப்பதற்கு முன்பே சத்தம் நின்று ஞாயிறு வந்துவிடும்.

ஆனால் எஸ்தாக்கி ஒன்றைக் கவனித்தார். திங்கட்கிழமை அவர் விட்டுவிட்டுப் போகும்போது கரையைப் பார்த்து நேராக இருக்கிற முன்சக்கரம், சனிக்கிழமை போய்ப் பார்த்தால் ஆழக்கடலைப் பார்த்துத் திரும்பியிருந்தது. நீரோட்டம் திருப்பியிருக்கும் என்று நேராக்கிவிட்டு வந்தார். மறுவாரமும் திரும்பியிருந்தது. நேராக்கினார். மூன்றாவது தடவை கைப்பிடியைப் பிடித்துத் திருப்பும்போது அது அவர் கைக்கு முரண்டு பிடித்தது, நாற்பது வருஷத்தில் ஒருநாளும் அவரிடம் முரண்டு பிடிக்காத வண்டி. இவ்வளவு காலம் உடம்புக்கு என்ன என்று பார்த்தேனே, மனசுக்கு என்ன என்று கேட்டேனா பாவி என்று தன்னையே திட்டிக்கொண்டு மேலே வந்தார்.

மறுநாள் ஞாயிற்றுக்கிழமை மத்தியானம், பிள்ளைகள் சாப்பிட்டு எழுந்த பிறகு, மகளைக் கூப்பிட்டு உட்காரவைத்தார்.

"அவளுக்கு ஓய்வு வேண்டாம்மா. போவணும் அவளுக்கு."

"எங்கப்பா?"

"எங்கயாவது. வண்டின்னா போறதுதான. நான்தான் புரியாம அவளத் தூங்க வச்சி தூங்க வச்சி எழுப்பிட்டிருக்கேன்."

பிரகாசி சேலை முந்தியை விரலில் சுற்றிக்கொண்டிருந்தாள். "வண்டி போச்சின்னா மீனும் போயிரும்."

"போயிரும்."

"வண்டி தனியாப் போவாது."

எஸ்தாக்கி மகளின் பக்கத்தில் நகர்ந்து உட்கார்ந்தார். "திங்கக்கெழம எடுத்து விடுதேன்னு ஒங்கம்மா மேல சத்தியம் பண்ணியிருக்கேன். எடுக்காம இருக்க முடியாது. எடுத்துட்டு அந்த ஸ்டாண்டுலயே விட்டுட்டு வரவும் இனி என்னால முடியாது. நீ வேண்டாம்னு ஒரு வார்த்த சொல்லு, சொல்லிட்டா நான் மனசக் கல்லாக்கிட்டு விட்டுட்டு வாறேன். ஒம் புள்ளைக சோறு அது" என்றார்.

பிரகாசி அழுதாள். மூக்கைச் சிந்திவிட்டுத் திரும்பவும் அழுதாள். "வேண்டாம்னு சொல்ல எனக்கு வாய் வரலப்பா. போங்கன்னு சொல்லவும் வரல."

"அது போதும்" என்று அவள் தலையில் கையை வைத்தார் எஸ்தாக்கி.

திங்கட்கிழமை விடிந்தது. வழக்கம்போல வள்ளங்கள் எல்லாம் போய் வண்டிப்பாரைச் சுற்றி வலைகளை இறக்கி வைத்துக்கொண்டு சத்தத்துக்காகக் காத்திருந்தன. எஸ்தாக்கி வேட்டியைத் தார்ப்பாய்ச்சிக் கட்டிக்கொண்டு இறங்கினார். முள் நடுவுக்கு வந்தது, ஒரே உதை, சத்தம் வந்தது. மேலே துடுப்பில் காதை வைத்திருந்தவர்கள் சிரித்தார்கள். கீழே எஸ்தாக்கி வண்டியை முன்னால் தள்ளி ஸ்டாண்டை விடுவித்தார். சீட்டில் உட்கார்ந்தார். எத்தனை காலத்துக்குப் பிறகு! அவர் தொடையும் டேங்கும் ஒன்றையொன்று அடையாளம் கண்டுகொண்டன. கிளட்சைப் பிடித்துக்கொண்டு வலது காலால் கியரை மேலே தூக்கினார். களக் என்று முதல் கியர் விழுந்தது.

நிமிர்ந்து பார்த்தால் சுற்றிலும் வலை. நாலு பக்கமும் மேலிருந்து கீழ்வரை சுவர் மாதிரி வலை. எதிரே நிற்பது தஸ்நேவிஸின் வலை, அதற்குப் பக்கத்தில் இன்னாசி போன மாதம் புதிதாகக் கோர்த்த வலை. கொஞ்சம் ஆக்சிலேட்டரை முறுக்கினால் போதும், மூத்தவளின் வேகத்துக்கு எந்த வலையும் நிற்காது. ஆனால் ஒவ்வொரு கண்ணியையும் கட்டிய கை யாருடையது என்று அவருக்குத் தெரியும். அதைக் கிழித்துக்கொண்டு போக அவருக்கு மனம் வரவில்லை. கிளட்சைப் பிடித்தபடி நின்றார். நெஞ்சில் மூச்சு குறைந்துகொண்டு வந்தது. வண்டியைத் தடவிக்கொடுத்து, "பொறு, பொறு" என்று மனசுக்குள் சொன்னார்.

மேலே தஸ்நேவிஸ் துடுப்பில் காதை வைத்தபடி கல்லாக இருந்தார். கியர் விழுந்த சத்தம் அவருக்குக் கேட்டது. அந்தச் சத்தத்தை அவர் முதன்முதலாகக் காதுகொடுத்துக் கேட்டது தேரிக்காட்டில், மனைவியும் பிறந்த பிள்ளையும் அந்த வண்டியில் ஏறிய அன்றைக்கு. பிறகு வண்டி நகரவில்லை என்பதும் கேட்டது. ஏன் நகரவில்லை என்பதும் அவருக்குப் புரிந்துபோயிற்று. சுற்றிலும் இருந்த வள்ளங்களைப் பார்த்தார், கரையை, கரைக்குப் பின்னால் ஊரை, ஊரின் அடுப்புப் புகையைப் பார்த்தார். முகத்தைத் துண்டால் துடைத்துவிட்டு எழுந்து நின்றார்.

"வலையத் தூக்குங்கடா" என்றார்.

யாரும் அசையவில்லை. "உள்ள மீனு கெடக்கு தலைவரே" என்றான் ஒருவன்.

"மீனு கெடக்கட்டும். மச்சான் வழி கேட்டு நிக்காருல. தூக்குங்கடா!" என்று கத்திக்கொண்டே தன் வலையைத் தானே இழுக்கத் தொடங்கினார். அடுத்த இழுப்பு இன்னாசியுடையது. அழுதுகொண்டே இழுத்தான்.

கீழே எஸ்தாக்கி பார்த்தார். எதிரே நின்ற வலை தரையை விட்டு ஒரு முழம் எழும்பியது, பிறகு ஆள் உயரம், பிறகு பனை உயரம். அதற்கடுத்தது எழும்பியது, அதற்கடுத்தது எழும்பியது, ஊரின் வலைகள் ஒவ்வொன்றாக எழும்பி, வெளிச்சம் உள்ளே வந்து, பெரிய கடல் திறந்து கிடந்தது. எஸ்தாக்கிக்கு அழுகை வந்தது. கிளட்சை விட்டார். மூத்தவள் கிளம்பினாள், அவள் பின்னால் சீலாவும் பாரையும் கூட்டம் கூட்டமாக, ஒன்று விடாமல், கூடவே போயின.

கரையில் பிரகாசி முழங்கால் தண்ணீரில் நின்றிருந்தாள். இரண்டாவது கியர் கேட்டது, மூன்றாவது கேட்டது, நாலாவது விழுந்த பிறகு சத்தம் ஒரே சீராகி, மெலிந்து, வெறும் அலைச்சத்தம் ஆகும்வரை அங்கேயே நின்றாள். வள்ளங்கள் காலியாக வந்து கரையேறின. தஸ்நேவிஸ் தண்ணீரில் இறங்கி வந்து அக்கா மகளின் பக்கத்தில் நின்றார்.

"கேட்டுச்சி மாமா" என்றாள் பிரகாசி. "டப்பெட்டுச் சத்தமே இல்ல."

துக்க மணி அடிக்கட்டுமா என்று பங்குச்சாமி வந்து கேட்டார். "வண்டியெடுத்துட்டு வெளியூரு போனவருக்கு எதுக்கு சாமி துக்க மணி?" என்றார் தஸ்நேவிஸ். ஊர் அதையே சொன்னது. உப்பளத்துக்குப் போக வேண்டியவர்கள் மண்வெட்டியைத் தேடி எடுத்து வாசலில் வைத்தார்கள். அன்றைக்குச் சலேத்துறையில் எந்த வீட்டிலும் மீன் வேகவில்லை, எல்லாரும் ரசத்தை ஊற்றிப் பிசைந்து தின்றார்கள், ஏன் என்று பிள்ளைகள்கூடக் கேட்கவில்லை.